கால்சியம் டானிக் ஊற்றியும் முட்டை ஓடு ஏன் மெலிகிறது?

கேள்வி: டாக்டரம்மா, பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டில் எட்டு கிராமப்பிரியா கோழிகள், நான்கு நாட்டுக்கோழிகள், ஒரு சேவல், இரண்டு மாதக் குஞ்சுகள் கொஞ்சம் இருக்கின்றன. போன வருடம் வரை திறந்துவிட்டுத்தான் வளர்த்தோம். கீரியும் தெருநாயும் பிடித்துப் போனதால் தை மாதத்திலிருந்து வலை கட்டித் தகரக் கொட்டகைக்குள்ளேயே வைத்திருக்கிறோம். தீவனம் ராகி, தவிடு, மீந்த சோறு. சித்திரையிலிருந்து கிராமப்பிரியாவின் பழுப்பு முட்டைகளின் ஓடு மெலிந்து, கையில் எடுக்கும்போதே நசுங்குகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று, ஓடே இல்லாமல் சவ்வு மட்டும் மூடிய தோல் முட்டையும் வருகிறது. ஒரு கோழி முட்டையைக் கொத்திக் குடிக்கவும் பழகிவிட்டது. நாட்டுக்கோழி முட்டை மட்டும் நன்றாக இருக்கிறது. கடையில் கொடுத்த கால்சியம் டானிக்கைத் தினமும் 10 மில்லி தண்ணீரில் கலந்து வைக்கிறேன். பாட்டிலில் 100 மில்லிக்கு 1,600 மில்லிகிராம் கால்சியம் என்று போட்டிருக்கிறது. பலன் தெரியவில்லை. மாமியார் சுண்ணாம்புத் தெளிநீர் கொடுக்கச் சொல்கிறார். மகன் செல்போனில் பார்த்துவிட்டு வினிகர் வாங்கி வந்திருக்கிறான். ராகியில்தான் கால்சியம் நிறைய என்கிறார்களே, அதைத்தானே போடுகிறோம்? எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது? ஓடு மெலிந்த முட்டையைக் குழந்தைகள் சாப்பிடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது, நாட்டுக்கோழி முட்டை நன்றாக இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான். ஒரே கொட்டகை, ஒரே தண்ணீர், ஒரே தீவனம், ஒரே வெயில். இருந்தும் ஒரு இனத்தின் ஓடு மட்டும் மெலிகிறது என்றால், நோயைத் தேடுவதற்கு முன்னால் வரவு செலவைப் பார்க்க வேண்டும்.

நாட்டுக்கோழி வருடத்துக்கு அறுபது எண்பது முட்டை வைக்கும். பத்துப் பன்னிரண்டு முட்டை வைத்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அந்த இடைவெளியில் உடம்பு தேறிவிடுகிறது. கிராமப்பிரியா அப்படி இல்லை. அது முட்டைக்காகவே உருவாக்கிய இனம். வீட்டுக் கொல்லையில் வளர்த்தாலே வருடத்துக்கு 150-க்கு மேல் வைக்கும், அடைக்கும் உட்காராது. ஆக, ஓய்வே கிடையாது. நீங்கள் இரண்டுக்கும் ஒரே சாப்பாடு போடுகிறீர்கள். நாட்டுக்கோழிக்கு அது எப்படியோ போதுகிறது. இதற்குப் போதவில்லை.

எவ்வளவு போதவில்லை என்று பார்ப்போம். முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்கு கால்சியம் கார்பனேட். 55 கிராம் முட்டையில் ஓடு மட்டும் சுமார் 5 கிராம் இருக்கும், அதில் சுத்தமான கால்சியம் 2 கிராம். கோழி தின்கிற கால்சியத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். அதனால் ஒரு முட்டைக்கு 4 கிராம் அளவுக்கு அது உள்ளே போக வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் நூற்றுக்கு மூன்றரை முதல் நான்கு பங்கு கால்சியம் இருக்கும்படி கலப்பதும் இதனால்தான். அந்தத் தீவனம் தின்கிற கோழி ஒரு நாளில் 100, 110 கிராம் தின்றால் கணக்குச் சரியாகிவிடும்.

ராகிக்கு வருவோம். நீங்கள் கேள்விப்பட்டது சரிதான், தானியங்களில் ராகியை அடிக்க வேறொன்று கிடையாது. 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. கம்பு, சோளம், மக்காச்சோளம் எதுவும் கிட்டவே வராது. களி தின்று வளர்ந்த நமக்கு அது பெரிய விஷயம். ஆனால் தினம் ஒரு முட்டை ஓடு செய்ய வேண்டிய உயிருக்கு, வயிறு நிறைய ராகி தின்றாலும் தேவையில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தவிடு இன்னும் மோசம். அதில் கால்சியம் சொற்பம், பாஸ்பரஸ் அதிகம், இருக்கிற கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் பைட்டேட்டும் உண்டு. சோற்றில் எதுவுமே இல்லை.

அடுத்து டானிக். பாட்டில் லேபிளைப் பார்த்து அளவை எழுதியதற்கு நன்றி, பலபேர் இதைச் செய்வதில்லை. 10 மில்லியில் 160 மில்லிகிராம். குஞ்சுகளையும் சேவலையும் விட்டுவிட்டுப் பன்னிரண்டு கோழிக்கு மட்டும் பங்கு போட்டால், தலைக்கு 13 மில்லிகிராம். தேவை 4,000. டானிக்கை மட்டும் வைத்து ஒரு ஓட்டைச் செய்ய வேண்டுமானால், ஒரு கோழிக்குத் தினம் கால் லிட்டர் டானிக் ஊற்ற வேண்டும். அந்த டானிக் போலி என்று நான் சொல்லவில்லை. அதில் வைட்டமின் டி3 இருந்தால் அதற்கு ஒரு வேலை உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் ஓட்டுக்கான கால்சியம் பாட்டிலில் வராது. கடைக்காரரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

உங்கள் மாமியார் சொன்னது டானிக்கைவிடப் பதினைந்து மடங்கு மேல் என்றால் நம்புவீர்களா? தெளிந்த சுண்ணாம்பு நீரில் லிட்டருக்கு 0.9 கிராம் அளவில் கால்சியம் கரைந்திருக்கும், அதற்கு மேல் கரையாது. கோழி ஒரு நாளில் கால் லிட்டர் குடித்தால் 200 மில்லிகிராம் கிடைக்கும். ஆனாலும் நான் அதைச் சொல்வதில்லை. அடியில் தங்கிய சுண்ணாம்பு கலங்கி வந்தால் வாயும் தொண்டையும் வெந்துபோகும். அந்தக் காரம் பிடிக்காமல் கோழி தண்ணீரைக் குறைத்துக்கொண்டால், சித்திரை வெயிலில் அதுவே பெரிய கெடுதல். ஆனால் மாமியாரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள், கோழிகள் அந்தச் சுவரைக் கொத்திக் கொத்திப் பொரிய வைத்திருக்கும். கோழிக்குத் தேவை என்னவென்று கோழிக்கே தெரியும். முட்டை வைக்கிற கோழி கால்சியத்தைத் தேடிப் போய்த் தின்னும், வைக்காத கோழி அதைச் சீண்டாது. இன்று சுவரெல்லாம் பெயின்ட். போதாக்குறைக்கு நீங்கள் தை மாதத்திலிருந்து வெளியேயும் விடுவதில்லை. நத்தை ஓடு, பூச்சி, சுண்ணாம்புக் காரை என்று அது தானாகத் தேடிக்கொண்டதெல்லாம் நின்றுவிட்டது.

அதனால் நான் சொல்லப்போவது ஒரு தனிச் சட்டி நிறையக் கிளிஞ்சல், அவ்வளவுதான். கோழித்தீவனம் விற்கிற கடையில் கிளிஞ்சல் கிரிட், ஷெல் கிரிட் என்று கேளுங்கள். நாமக்கல் பண்ணைகளுக்குப் போகிற அதே பொருள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தீவனக் கடைகளில் சொல்லி வைத்தால் வரவழைத்துக் கொடுப்பார்கள். சுடாத கிளிஞ்சலாக இருக்க வேண்டும், இதில் ஏமாந்துவிடாதீர்கள். சூளையில் சுட்ட கிளிஞ்சல் என்பது சுண்ணாம்பு, தண்ணீர் பட்டால் கொதிக்கும், அதைக் கோழிக்கு வைக்கவே கூடாது. சுடாத கிளிஞ்சலில் நூற்றுக்கு 38 பங்கு கால்சியம். முட்டை வைக்கிற ஒரு கோழிக்கு நாளைக்கு எட்டுப் பத்து கிராம், அதாவது இரண்டு டீஸ்பூன் போதும். உங்கள் பன்னிரண்டு கோழிக்கும் சேர்த்து ஒரு கிலோ பத்து நாளுக்கு ஓடும்.

பொடியாக வாங்காதீர்கள். குருணை அளவிலிருந்து பச்சைப்பயறு அளவு வரை துண்டு துண்டாக இருக்கட்டும். காரணம் இருக்கிறது. கோழி காலையில் முட்டை வைத்து அரை மணி நேரத்துக்குள் அடுத்த கரு கிளம்பிவிடும். நான்கைந்து மணி நேரத்தில் வெள்ளைக்கருவும் சவ்வும் சேர்ந்து கருப்பைக்கு வந்துவிடும். அங்கே ஓடு கட்ட மட்டும் இருபது மணி நேரம் வரை ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில். கோழி பரணில் தூங்குகிற நேரம், வயிற்றில் தீவனம் இல்லாத நேரம். அப்போது பொடியெல்லாம் எப்போதோ குடலைத் தாண்டிப் போயிருக்கும். துண்டுக் கிளிஞ்சல் அரைவைப்பையில் தங்கி, விடிய விடியக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கொடுக்கும். குழம்புக்கு வெட்டும்போது உள்ளே கல்லும் மணலுமாக இருக்குமே, அந்த உறுப்புதான் அரைவைப்பை. அந்தத் துண்டுக் கிளிஞ்சலும் இல்லாவிட்டால் கோழி தன் எலும்பை அடகு வைத்துத்தான் ஓடு கட்டும். கொஞ்ச நாள் அப்படி ஓட்டும், அப்புறம் ஓடு மெலியும், தோல் முட்டை வரும், கடைசியில் கால் நடக்காமல் உட்கார்ந்துவிடும். உங்கள் கோழிகளில் ஏதாவது காலை இழுத்து நடக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஆக, மதியம் மூன்று நான்கு மணிக்குச் சட்டி நிரம்பி இருக்க வேண்டும். தீவனத்தில் கலக்க வேண்டாம். உங்கள் கொட்டகையில் சேவலும் இரண்டு மாதக் குஞ்சுகளும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். குஞ்சுக்குத் தேவை நூற்றுக்கு ஒரு பங்கு கால்சியம்தான். முட்டைக்கோழி அளவுக்கு அது தின்றால் சிறுநீரகம் கெட்டு, உறுப்புகளின் மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்து செத்துப்போகும். தனிச் சட்டியில் இருந்தால் அது சும்மா ஒன்றிரண்டு கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதே காரணத்தால், நீங்கள் முட்டைக்கோழித் தீவனம் வாங்கினாலும் குஞ்சுகளைப் பிரித்துவிட்டுத்தான் போட வேண்டும். நல்லதுதானே என்று கிளிஞ்சலை அள்ளி அள்ளித் தீவனத்தில் கலந்தால் பெரிய கோழிகளுக்கும் ஆகாது. தீனி எடுப்பது குறையும், ஓட்டின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புத் திட்டு படியும்.

கிளிஞ்சல் கிடைக்கிற வரைக்கும் முட்டை ஓட்டையே கொடுங்கள். வீட்டில் உடைக்கிற முட்டைகளின் ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, முட்டை வடிவமே தெரியாதபடி நொறுக்கிப் போடுங்கள். அப்படியே எறிந்தால் முட்டை குடிக்கிற பழக்கத்துக்கு நாமே பால் வார்த்த மாதிரி ஆகிவிடும். ஒரு ஓட்டில் இருப்பது இன்னொரு ஓட்டுக்கு வேண்டியதில் பாதிதான் என்பதால் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரிகளில் கிடைக்கிற கல்தூளைக் கோழிக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது அரைக்கப் பயன்படும், கால்சியம் துளியும் தராது. கோலமாவு வேண்டவே வேண்டாம், கடையில் விற்பது பெரும்பாலும் வேறு கல்லின் மாவு. மார்பிள் சில்லு என்று கொடுப்பதிலும் டோலமைட் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. டோலமைட்டில் உள்ள மெக்னீசியம் கழிச்சலைக் கொடுத்து, ஓட்டையும் கெடுக்கும். சரி, வாங்கியது கால்சியம் உள்ள கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோதானா, இல்லை வேறு கல்லா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் மகன் வாங்கி வந்த வினிகர் இதற்கு உதவும். கிரிட்டை நொறுக்கி இரண்டு சொட்டு விடுங்கள். கால்சியம் கார்பனேட் என்றால் உடனே நுரைத்துப் பொங்கும். கிரானைட் அசையாது. டோலமைட் தயங்கித் தயங்கித்தான் பொங்கும். மற்றபடி தண்ணீரில் வினிகர் கலந்தால் ஓடு கெட்டிப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மிச்சத்தை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முருங்கைக் கீரையும், தண்ணீரில் மிதந்து வளர்கிற அசோலா என்ற பெரணியும் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில் யாராவது கேட்பார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டும் நல்ல தீனி. மஞ்சள்கரு நிறம் கூடும், வைட்டமின் ஏ கிடைக்கும், அசோலாவில் புரதமும் உண்டு. ஆனால் அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கோழி தின்கிற ஒரு பிடிக் கீரையில் வருகிற கால்சியம் மில்லிகிராம் கணக்குதான். கீரையைக் கீரைக்காகக் கொடுங்கள்.

கால்சியம் உள்ளே போனால் மட்டும் போதாது, அதைக் குடலிலிருந்து எடுத்துக்கொள்ள வைட்டமின் டி3 வேண்டும். வெயில் பட்டால் கோழி தானே அதைச் செய்துகொள்ளும், இறகில்லாத காலின் தோலில்தான் முக்கியமாக அது உருவாகிறது. உங்கள் கோழிகள் தை மாதத்திலிருந்து தகரக் கூரைக்குக் கீழே. என் சந்தேகம் இங்கேதான் வலுக்கிறது. தீவனம் மாறவில்லை, கோழி மாறவில்லை, வெளியே விடுவது நின்ற சில மாதத்தில் ஓடு மெலிந்திருக்கிறது. வலையை எடுக்கச் சொல்ல மாட்டேன், கீரி காத்துக்கொண்டிருக்கும். கொட்டகைக்கு ஒரு பக்கம் கூரை இல்லாமல் வலை மட்டும் போட்டு ஒரு முற்றம் விடுங்கள். காலை வெயில் விழட்டும். அந்தப் பக்கம் திறக்கிற வரைக்கும், அந்த டானிக்கில் டி3 இருந்தால் பாட்டில் தீரும்வரை கொடுக்கலாம். புதிதாக வாங்க வேண்டாம். மாட்டுக்கு வாங்கி வைத்த தாது உப்புக் கலவையைக் கோழிக்குக் கலக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது மாட்டுக்கான அளவில் செய்தது, விட்டுவிடுங்கள்.

வெயில் நல்லது என்று சொன்ன கையோடு வெக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்திரை வைகாசியில் தகரத்துக்குக் கீழே கோழி வாயைத் திறந்து இரைக்கும். அப்படி இரைக்கும்போது ரத்தத்திலிருக்கும் கரியமிலவாயு வெளியே போய்விடுகிறது. ஓட்டின் கார்பனேட் பாதி அதிலிருந்துதான் வரவேண்டும். போதாததற்கு வெக்கையில் தீனியும் குறைகிறது. தகரத்தின் மேல் தென்னங்கீற்றோ சோளத்தட்டோ பரப்புங்கள், தண்ணீரை மண்சட்டியில் நிழலில் வையுங்கள், தீவனத்தை விடிகாலையிலும் வெயில் சாய்ந்த பிறகும் போடுங்கள்.

எந்தத் தண்ணீர் வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. போர்த் தண்ணீர் உப்புக் கரித்தால் அதுவும் ஓட்டை மெலிய வைக்கும், அதற்குக் கால்சியம் எவ்வளவு கொட்டினாலும் தீர்வாகாது. உங்கள் தெருவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் அதையே கோழிக்கும் வையுங்கள். புளோரைடு அதிகமுள்ள நம் இரண்டு மாவட்டங்களுக்காகத்தான் 2013-லிருந்து காவிரித் தண்ணீர் வருகிறது. பன்னிரண்டு கோழிக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு லிட்டருக்கு மேல் செலவாகாது.

தீவனத்தில் ஒரே ஒரு மாற்றம். ராகியும் தவிடும் மட்டும் என்றால் புரதமும் குறைவு. முட்டைக்கோழித் தீவனத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால் நல்லது. அது முடியாவிட்டால் பத்தில் ஒரு பங்கு கடலைப் புண்ணாக்கு சேருங்கள். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு, கட்டி கட்டியான புண்ணாக்கு வேண்டாம், அந்த நஞ்சு ஈரலைக் கெடுத்து முட்டையையும் கெடுக்கும். பிராய்லர் தீவனம் மலிவாகக் கிடைக்கிறது என்று போடாதீர்கள். அதில் கால்சியம் குறைவு. சிலவற்றில் ரத்தக் கழிச்சலுக்குச் சேர்க்கிற நிகார்பசின் மருந்து பழுப்பு முட்டையை வெளுக்கவும் வைக்கும். சல்ஃபா வகை மருந்துகளும் ஓட்டை மெலிய வைக்கும். ஏதாவது பொடி வாங்கித் தண்ணீரில் கலந்திருந்தால் அதன் பெயரைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தால் ஒரு வாரம் பத்து நாளில் வித்தியாசம் தெரிய வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட எடை போடுவது மேல். முட்டையை எடை போட்டுக்கொண்டு, உடைத்த பின் ஓட்டைக் கழுவிக் காயவைத்து மறுபடி எடை போடுங்கள், தங்கம் நிறுக்கிற மாதிரி சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். 55 கிராம் முட்டைக்கு ஓடு ஐந்து கிராமை ஒட்டி இருந்தால் கவலையில்லை. நான்குக்குக் கீழே போனால் இன்னும் ஏதோ குறை இருக்கிறது. புதிதாக முட்டைக்கு வந்த கோழி ஆரம்பத்தில் ஒன்றிரண்டு தோல் முட்டை வைப்பது சகஜம், வயதான கோழியின் பெரிய முட்டைக்கு ஓடு மெலிவதும் சகஜம். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

நாட்டுக்கோழி முட்டையும் மெலிய ஆரம்பித்தாலோ, எல்லாக் கோழிக்கும் ஒரே சமயத்தில் முட்டை குறைந்தாலோ, ஓடு சுருங்கிச் சுருங்கி வந்து வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினாலோ, கொர்கொர் என்று மூச்சு விட்டாலோ, பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தாலோ கிளிஞ்சலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அது ராணிக்கெட்டாக இருக்கலாம், மூச்சுக்குழல் நோயாக இருக்கலாம். பார்க்க நல்லாயிருக்கிற கோழி திடீரென்று தோல் முட்டையாக வைக்கிற ஈடிஎஸ் என்ற வைரஸ் நோயும் உண்டு, வாத்து வழியாக வரும். உடனே பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். ராணிக்கெட் தடுப்பூசி போட்டாயிற்றா என்றும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை குடிக்கிற கோழி பெரும்பாலும் உடைந்த முட்டையில்தான் ருசி கண்டிருக்கும். ஓடு கெட்டியாகும் வரை காலை பத்து மணிக்குள்ளும் மதியம் ஒருமுறையும் முட்டை எடுத்துவிடுங்கள். முட்டையிடும் கூடை இருட்டாக, வைக்கோல் தடிமனாக இருக்கட்டும். உடைந்ததை அங்கேயே விடாமல் வைக்கோலோடு அள்ளிவிடுங்கள். மெலிந்த ஓடு முட்டையை நாட்டுக்கோழிக்கு அடைக்கு வைக்காதீர்கள். ஈரம் சீக்கிரம் வற்றி, குஞ்சு பொரியாது, இல்லாவிட்டால் தாயின் கனத்திலேயே உடைந்து மற்ற முட்டைகளையும் நாறடிக்கும்.

குழந்தைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஓடு மெலிவாக இருந்தாலும் விரிசல் இல்லாமல் சுத்தமாக இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம், உள்ளே சத்தில் குறைவில்லை. நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், ஆஃப் பாயில் வேண்டாம். தோல் முட்டையையும் கூடையிலேயே விரிசல் விட்ட முட்டையையும் வீட்டில் யாரும் சாப்பிட வேண்டாம். எச்சத்திலிருக்கும் கிருமி உள்ளே போயிருக்கும்.